பராஸி செய்தது துரோகமா?

சென்ற பொங்கல் விழாவுக்கு மறுவாரம் நடந்த நம் சங்கப் பொதுக்குழுவில் ஒரு பெரியவர் எழுந்து பேசியது அன்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். "தமிழ் வகுப்பு நடத்தினோம், மேடை ஏற்றினோம், மைக்கைப் பிடித்துப் பேசக் கற்றுக் கொடுத்தோம். ஆளானதும் ஒருவன் புனேக்குப் போனான், ஒருவன் பெங்களூருக்குப் போனான், மற்றவன் வெளிநாட்டுக்குப் போனான். போனவர்களில் ஒருவராவது திரும்பிப் பார்த்தார்களா? இது துரோகம் இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. அவர் சொன்ன வெளிநாட்டுப் பட்டியலில் என் மூத்த மகனும் ஒருவன். அது போகட்டும். அதே வார்த்தையை 28 வயதில் நானும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஆஸ்திரேலியாவில் கேட்ட ஒரு மனிதரின் கதை நினைவுக்கு வந்தது. அதை முதலில் சொல்லிவிட்டு என் கட்சிக்கு வருகிறேன். சுற்று வழிதான், பொறுத்துக் கொள்ளவும். மெயின் லைனில் போக முடியாவிட்டால் டைவர்ஷனில் போவது ரயில்வேக்காரனுக்குப் பழக்கம்.

2023-ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் மெல்போர்னில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். அங்கே செப்டம்பர் மாதம் என்றால் நம் ஊரில் தேர்தல் மாதிரி. ஊர் முழுக்க ஒரே பேச்சு, ஃபுட்டி. நாம் பார்க்கிற கால்பந்து அல்ல இது. ஒன்பது வயதுப் பேரன் எனக்கு வாத்தியார் ஆனான். கிரிக்கெட் மைதானத்தில் ஆடுகிறார்கள். பந்து முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். உதைக்கலாம், பிடித்துக் கொண்டு ஓடலாம், ஆனால் எறியக் கூடாது. ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவனுக்குத் தர வேண்டும், அதற்கு ஹேண்ட்பால் என்று பெயர். இரு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்துவிட்டால் 6 புள்ளி. குறி தவறி ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. தவறினவனுக்கும் ஒரு புள்ளி தருகிற தாராளம் எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை இரவு. மெல்போர்ன் என்ற கிளப்பும் கார்ல்டன் என்ற கிளப்பும் அரை இறுதியில் மோதின. (மெல்போர்ன் நகரத்திலேயே பல கிளப்புகள், அவற்றில் ஒன்றின் பெயரும் மெல்போர்ன்தான். எனக்கு இது பிடிபடவே இரண்டு நாள் ஆயிற்று.) கார்ல்டன் 73, மெல்போர்ன் 71. இரண்டே புள்ளியில் தோல்வி. பக்கத்து வீட்டுப் பெரியவர் மெல்போர்ன் கட்சி. மறுநாள் காலை துக்கம் விசாரிக்கிற மாதிரி வேலியருகே போய் நின்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. ஆட்டத்துக்காகவா இப்படி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அன்று ரான் பராஸி என்பவர் 87 வயதில் காலமாகியிருந்தார். முதல் நாள் மோதிய இரண்டு கிளப்புகளுக்குமே அவர் சொந்தக்காரர். "அவர் எங்களை விட்டுவிட்டுக் கார்ல்டனுக்குப் போனபோது எனக்கு 11 வயது. அன்றும் இப்படித்தான் அழுதேன்" என்றார் பெரியவர். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வருடத்துக்கு முன் அவர் கிளப் மாறிய சங்கதி! அப்படி என்ன செய்துவிட்டார் என்று விசாரிக்கத் தொடங்கினேன். டெலிவிஷனிலும் ஒரு வாரம் இதே பேச்சுதான்.

பராஸி பிறந்தது 1936-இல், விக்டோரியா மாநிலத்தில். முன்னோர்கள் இத்தாலி மொழி பேசும் ஸ்விஸ் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா பெயரும் ரான் பராஸிதான். அவரும் மெல்போர்ன் கிளப் ஆட்டக்காரர். 1940-இல் கோப்பை வாங்கிய அணியில் ஆடிவிட்டுப் போருக்குப் போனார். 1941 ஜூலையில் வட ஆப்பிரிக்காவில் டொப்ருக் என்ற இடத்தில் மாண்டார். மகனுக்கு அப்போது ஐந்து வயது.

அப்பாவோடு ஒரே அணியில் ஆடிய நண்பர் நார்ம் ஸ்மித். பின்னால் மெல்போர்ன் கிளப்புக்குப் பயிற்சியாளர் ஆனவர். பராஸியின் தாயார் மறுமணம் செய்துகொண்டு டாஸ்மேனியா போனபோது, பந்துப் பைத்தியமான பையன் மெல்போர்னிலேயே தங்கினான். ஸ்மித்தின் வீட்டுக் கொல்லையில் இருந்த சிறு கட்டடத்தில் அவனுக்கு இடம். சாப்பாடும் அந்த வீட்டில்தான். குருகுல வாசம் என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு பையன் எந்தப் பகுதியில் குடியிருக்கிறானோ அந்தப் பகுதிக்கு உரிய கிளப்பில்தான் சேர வேண்டும் என்று விதி. அதன்படி பார்த்தால் பராஸி மெல்போர்னுக்கு வந்திருக்க முடியாது. அப்பா ஆடிய கிளப்பில் மகன் ஆடலாம் என்ற விதியைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்தார்கள். அந்த விதி வேறு வடிவங்களில் இன்றும் இருக்கிறது. 1953-இல் முதல் ஆட்டம். அப்பா அணிந்த 31-ஆம் எண் சட்டையே மகனுக்கும்.

ரொம்ப உயரமும் இல்லை, குள்ளமும் இல்லை. அந்த ஆட்டத்தில் உயரமானவனுக்கு ஒரு இடம், குள்ளமானவனுக்கு ஒரு இடம். இவரை எங்கே போடுவது? இருக்கிற இடத்துக்கு ஆளை வெட்டி ஒட்டாமல், ஆளுக்காக ஒரு இடத்தையே உண்டாக்கினார் ஸ்மித். ரக்-ரோவர் என்று பெயர். பந்து போகும் இடமெல்லாம் கூடவே போய் முட்டி மோதுகிற வேலை. பணிமனையில் எத்தனையோ நல்ல பையன்கள் இடம் பொருந்தாமல் வீணானதைப் பார்த்தவன் என்ற முறையில், ஸ்மித் செய்த காரியங்களில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1955, 56, 57, 59, 60, 64 என்று பத்து வருடத்துக்குள் ஆறு கோப்பைகள். கடைசி இரண்டுக்கும் பராஸியே காப்டன்.

1964 டிசம்பரில், கோப்பையின் ஈரம் காயும் முன், பராஸி கிளப்பை விட்டுப் போனார். போன இடம் கார்ல்டன். அந்த வருடம் பன்னிரண்டு கிளப்புகளில் பத்தாவதாக வந்த கிளப். காப்டனும் அவரே, பயிற்சியாளரும் அவரே என்று அழைத்தார்கள். வயது 28.

பணம் இருந்தது. நல்ல தொகை. அதை மறைத்துவிட்டுப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் பணம் மட்டும் என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவருக்குப் பயிற்சியாளர் ஆக ஆசை. மெல்போர்னில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சோறு போட்டு வளர்த்தவர். அவரை எழுப்பிவிட்டு உட்கார முடியுமா? உட்கார்ந்தாலும் அந்த வீட்டில் இவர் என்றைக்கும் கொல்லைக் கட்டடத்துப் பையன்தானே? இது என் ஊகம். ஆனால் அனுபவத்தில் பிறந்த ஊகம்.

1979-இல் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு நான் இந்தப் பக்கத்து டீசல் ஷெட் ஒன்றில் சேர்ந்தேன். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. அங்கே எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன் சாப், எனக்கு மட்டும் அண்ணாச்சி. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை எட்டு மாதம் அவர் வீட்டு வராந்தாவில்தான் படுக்கை. மதினி கையால்தான் சாப்பாடு. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற எரிபொருள் குழாயை விரலால் தொட்டுப் பார்த்தே, பதினாறில் எந்த இஞ்செக்டர் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவார். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. அதை எனக்கும் கற்றுக் கொடுத்தார். ஏழு வருடம். சார்ஜ்மேன் ஆன பிறகும் ஷெட்டில் எல்லோரும் "அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டு வா" என்றே சொன்னார்கள். 1986-இல் வேறு ஒரு ஷெட்டில் பதவி உயர்வோடு இடம் காலி இருந்தது. எழுதிப் போட்டேன், கிடைத்தது. சொல்லப் போனபோது அண்ணாச்சி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வரவும் இல்லை. "சோறு போட்ட வீட்டுக்குத் துரோகம் பண்ணிட்டுப் போறான்" என்று ஷெட்டில் சொன்னதாக மற்றவர்கள் சொன்னார்கள்.

ஆக, வேலியருகே நின்று அந்தப் பெரியவர் 1964-ஐப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் பராஸியின் பக்கத்தில் நின்று கேட்டேன். இதை ஒப்புக்கொண்டுவிட்டே மேலே எழுதுகிறேன்.

பராஸி போன மறு வருடம், 1965 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை மெல்போர்ன் கிளப்பின் கமிட்டி நார்ம் ஸ்மித்தையே வேலையை விட்டு நீக்கியது. ஆறு கோப்பை வாங்கிக் கொடுத்தவரை! ஊர் கொதித்ததும் சில நாளில் திரும்பச் சேர்த்துக் கொண்டார்கள். ஆனால் உடைந்த பாத்திரம் உடைந்ததுதான். 1964-க்குப் பிறகு அந்தக் கிளப் அடுத்த கோப்பையைத் தொட்டது 2021-இல். 57 வருடம். நார்ம் ஸ்மித் சாபம் என்று அங்கே சொல்வார்களாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அந்த 57 வருட வறட்சியின் தொடக்கம் பராஸி போனதுதான். ஓரளவு உண்மையும் இருக்கலாம். காப்டன் இறங்கிப் போனால் எந்த அணியும் ஆட்டம் காணும். ஆனால் ஸ்மித்தை நீக்கியது பராஸி அல்லவே, உள்ளே இருந்த கமிட்டி அல்லவா? வீட்டில் இருந்தவர்கள் செய்த காரியத்துக்கு வீட்டை விட்டுப் போனவன் பெயரில் கணக்கு எழுதுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நம் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். போன பிள்ளைகளைக் குறை சொல்கிறோம். இருந்த காலத்தில் அவர்களில் ஒருவரையாவது பொருளாளர் நாற்காலியில் உட்கார வைத்தோமா? நாற்காலி அடுக்கச் சொன்னோம், பந்தி பரிமாறச் சொன்னோம். செயற்குழுப் பட்டியல் பத்து வருடமாக ஏறக்குறைய அதே பட்டியல். என் பெயரும் அதில் ஆறு வருடம் இருந்தது, எனவே யாரும் கோபிக்க வேண்டாம்.

கார்ல்டனில் பராஸி என்ன செய்தார்? 1947-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத கிளப் அது. 1968-இல் வாங்கியது, வெறும் மூன்று புள்ளி வித்தியாசத்தில். பராஸி கோபக்காரர், வாய் திறந்தால் இடிதான் என்று பெயர் எடுத்தவர். அந்தக் கோபத்தை இன்று பலர் புகழ்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. கத்துகிற ஃபோர்மேன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தலால் ஒரு இஞ்சினும் ஸ்டார்ட் ஆனதில்லை. அவரை மதிக்க எனக்குக் காரணம் 1970 இறுதிப் போட்டி.

அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 1,21,696 பேர். அந்த விளையாட்டின் சரித்திரத்தில் இன்றுவரை அதுதான் அதிகக் கூட்டம். எதிரணி காலிங்வுட். பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னால். பார்த்தவர்கள் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அரை நேர ஓய்வில் பராஸி தன் ஆட்களிடம் சொன்னது ஒரு வேலை உத்தரவு. பந்தைத் தூக்கி உதைத்துவிட்டு நிற்காதே. ஹேண்ட்பால் கொடு, நிற்காமல் ஓடு, மறுபடி ஹேண்ட்பால் கொடு. அதுவரை, மாட்டிக்கொண்டால் தப்பிக்க மட்டும் ஹேண்ட்பால் என்பதே பெரும்பாலோர் வழக்கம். அதையே தாக்குகிற ஆயுதமாக ஆக்கச் சொன்னார். ஓரத்தில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸ் என்ற இளைஞரை உள்ளே இறக்கினார். அவர் நான்கு கோல் போட்டார். முடிவில் கார்ல்டன் 111, காலிங்வுட் 101. மகன் பழைய பதிவைப் போட்டுக் காட்டினான். மூன்றாவது பகுதி முழுக்க நான் எழுந்து நின்றே பார்த்தேன். என் மனைவி காப்பி ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை சொன்னாள்.

அடுத்து 1973-இல் நார்த் மெல்போர்ன். 1925-இல் லீக்கில் சேர்ந்து, அதுவரை ஒரு கோப்பைகூட வாங்காத கிளப். முந்தின வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்துக் கடைசி இடம். 1973-இல் ஒரு புது விதி வந்தது. ஒரே கிளப்பில் பத்து வருடம் ஆடியவர்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று. அதைப் பயன்படுத்தி நல்ல ஆட்டக்காரர்கள் மூவரை வேறு கிளப்புகளிலிருந்து எடுத்தார்கள். வெளியேறி வந்தவரின் தலைமையில் வெளியேறி வந்தவர்கள்! 1974 முதல் 1978 வரை ஐந்து வருடமும் இறுதிப் போட்டியில் அந்த அணிதான். 1975-இல் முதல் கோப்பை, 1977-இல் இரண்டாவது. 1977-இல் இறுதிப் போட்டி சமமாக முடிந்து, மறு வாரம் திரும்ப ஆடி ஜெயித்தார்கள்.

ஆக நான்கு கோப்பைகள், இரண்டு கிளப்புகள். ஸ்மித் வீட்டில் கற்ற வித்தை, ஸ்மித் போகாத இரண்டு வீடுகளில் விளக்கேற்றியது. மெல்போர்னிலேயே இருந்திருந்தால் அந்த இரண்டு வீட்டிலும் யார் ஏற்றியிருப்பார்கள்?

இப்போது சினிமா என்றால் கதாநாயகன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்து கோப்பையோடு நிற்க வேண்டும். திரும்பினார். 1981-இல் மெல்போர்ன் கிளப் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. ஊரே எதிர்பார்த்தது. முதல் வருடம் 22 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. ஐந்து வருடம் இருந்தார். ஒரு வருடம்கூட இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. போனவன் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். நம் ஊர் வீடுகளிலும் பார்த்திருக்கிறோம். வெளியூரில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் திரும்பி வந்து குடும்பக் கடையில் உட்கார்ந்து மூடியது உண்டு.

ஆனால் அந்த ஐந்து வருடத்தில் ஒரு விதை போட்டார். அயர்லாந்தில் ஆடும் கேலிக் ஃபுட்பால் என்ற ஆட்டம் இதற்குத் தூரத்து உறவு. அங்கிருந்து இளைஞர்களை அழைத்து வந்து பழக்கலாம் என்ற யோசனையை முன்னின்று நடத்தினார். அப்படி 1984-இல் வந்த பையன்களில் ஒருவர் டப்ளின் நகரத்து ஜிம் ஸ்டைன்ஸ். பராஸி போன பிறகு, 1987-இல்தான் முதல் ஆட்டம் ஆடினார். 1991-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம் பெற்றார். இடையில் ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடினார். கிளப் கடனில் தத்தளித்த 2008-இல் தலைவர் பொறுப்பை ஏற்றுத் தூக்கி நிறுத்தினார். 2012-இல் புற்றுநோயால் மறைந்தார். வீட்டுக் கமிட்டிகளால் முடியாததை, கடல் கடந்து வந்த பிள்ளை செய்தார்.

கடைசியாக 1993-இல், 57 வயதில், பராஸி சிட்னிக்குப் போனார். இதற்கு ஒரு சிறு விளக்கம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் தெற்கும் மேற்கும் இந்த ஃபுட்டியை ஆடும். சிட்னி உள்ள வடகிழக்குப் பக்கம் ரக்பி ஆடும். 1978-இல் இயன் டர்னர் என்ற சரித்திரப் பேராசிரியர் ஒரு சொற்பொழிவில் இந்த எல்லைக்கு வேடிக்கையாகப் 'பராஸி கோடு' என்று பெயர் வைத்தார். எல்லா மாநிலத்திலும் இந்த ஆட்டம் பரவ வேண்டும் என்று பராஸி அந்தக் காலத்திலேயே பேசி வந்ததால் அந்தப் பெயர். எனக்கு இதைக் கேட்டதும் ரயில் பாதைதான் ஞாபகம் வந்தது. விக்டோரியாவில் 1600 மில்லிமீட்டர் கேஜ், நியூ சவுத் வேல்ஸில் 1435. இரண்டும் சந்திக்கும் ஆல்பரி ஸ்டேஷனில் சிட்னி-மெல்போர்ன் பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி ரயில் மாறுவார்கள். 1962-இல்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கும் ஜங்ஷன்களில் நடுராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோட்டுக்கு அப்பால் சிட்னியில் ஒரு ஃபுட்டி கிளப், ஸ்வான்ஸ். தொடர்ந்து தோற்று, கிளப்பே இருக்குமா என்ற நிலை. ஓய்வு நாற்காலியில் உட்கார வேண்டிய வயதில் அந்த வேலையைப் பராஸி ஏற்றார். 1993-இல், 26 ஆட்டம் நீண்ட அந்தத் தோல்விச் சங்கிலி அறுந்தது. அன்று எதிரே ஆடியது எந்த அணி தெரியுமா? மெல்போர்ன்! மூன்று வருடத்தில் பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. 1995-இல் அவர் விலகினார். மறு வருடம் வேறு ஒருவர் பயிற்சியில் ஸ்வான்ஸ் இறுதிப் போட்டிக்குப் போய், பராஸி உருவாக்கிய அதே நார்த் மெல்போர்ன் கிளப்பிடம் தோற்றது. 2005-இல் கோப்பை வாங்கியது.

இங்கே ஒரு செய்தி. இந்த ஸ்வான்ஸ் முன்பு மெல்போர்ன் நகரத்தின் தெற்குப் பகுதியில் சவுத் மெல்போர்ன் என்ற பெயரில் இருந்த கிளப். 1982-இல் சிட்னிக்கு இடம் பெயர்ந்தது. அந்த சவுத் மெல்போர்னுக்கு 1969 முதல் 1972 வரை பயிற்சியாளராக இருந்தவர் யார்? நார்ம் ஸ்மித்! அவரும் கடைசியில் வீட்டை விட்டுப் போனவர்தான். அது மட்டுமா? இளமையில், மெல்போர்னில் ஆடிப் புகழ் பெற்ற பிறகு, 1949-இல் அதே ஸ்மித் ஃபிட்ஸ்ராய் என்ற வேறு கிளப்புக்குப் பயிற்சியாளராகப் போய் மூன்று வருடம் இருந்துவிட்டுத்தான் திரும்பினார். சீடன் 28 வயதில் செய்ததை குரு 33 வயதில் செய்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். தெரியும் என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனால் அப்போது நான் பிறக்கவில்லையே" என்றார். நியாயம்தான். நம் கண் முன்னால் போகிறவன்தான் நமக்குத் துரோகி.

நாமெல்லாம் யார்? பொதுக்குழுவில் பேசிய பெரியவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 1960-களில் வந்தவர். அவர் கிராமத்தில் கோவில் கமிட்டியும் இருந்திருக்கும், வயலும் இருந்திருக்கும், திண்ணையில் யாரோ இதே வார்த்தையைச் சொல்லியும் இருப்பார்கள். அண்ணாச்சியே ஊரை விட்டு வந்தவர்தான்.

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே சிலைகள் வரிசையாக இருக்கின்றன. பராஸிக்கு 2003-இல் வைத்தது இருக்கிறது. நார்ம் ஸ்மித்துக்கும் இருக்கிறது, ஜிம் ஸ்டைன்ஸுக்கும் இருக்கிறது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் தேடிப் பார்த்தேன். நவம்பரில் அதே மைதானத்தில் பராஸிக்கு அரசு மரியாதையோடு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. 2008 டிசம்பர் 31 இரவு, 72 வயதில், தெருவில் ஒரு பெண்ணைத் தாக்கியவனைத் தடுக்கப் போய் அவரே அடிபட்ட சம்பவத்தை அங்கே எல்லோரும் இன்னும் சொல்கிறார்கள். அந்த மனிதரை 1964 ஒன்றை மட்டும் வைத்து அளக்க முடியாது.

அண்ணாச்சி கதையை முடிக்காமல் விட்டேன். புது ஷெட்டில் எனக்குக் கீழே வந்த பையன்களுக்கெல்லாம் அந்த எரிபொருள் குழாய் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒரு மராட்டிப் பையன் 1991-இல் மாற்றலாகி அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போனான். அடுத்த மாதம் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு. ஐந்து வருடத்தில் முதல் கடிதம். "குழாயைத் தொட்டுப் பார்க்கிற பையன் ஒருத்தன் வந்திருக்கான். யார் சொல்லிக் கொடுத்தான்னு கேட்டேன். சுகமா? மதினி கேட்டாள்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்த வருடம் தீபாவளிக்கு நான் குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. ஐந்து வருடம் நானும் எழுதவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் எழுதட்டும் என்று நான் இருந்தேன், நான் எழுதட்டும் என்று அவர் இருந்திருப்பார்.

எனவே செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். நம் தமிழ் வகுப்பில் படித்து வெளியூர் போன பிள்ளைகளின் முகவரிகளைப் பெற்றோர்களிடம் கேட்டு வாங்குவோம். அவர்களுக்கு இந்த இதழை அனுப்புவோம். சந்தா கேட்க வேண்டாம், புகாரும் எழுத வேண்டாம். இங்கே கற்றது அங்கே எதற்காவது உதவிற்றா என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வோம், வந்தால் போடுவோம். முதல் ஆண்டு தபால் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். மெல்போர்ன் முகவரி ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள், பின்கோடு விட்டுப் போகாமல்.